வெறும் தகட்டைக் கையால் தொட்டால் துரு பிடிக்குமாம்!

பட்டறைப்பாண்டி:
நேற்று இங்கே ஒரு அறிவுரை பார்த்தேன். "பழைய பெயின்ட்டை உரித்து வெறும் தகடு வந்த பிறகு, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்கும்வரை வெறுங்கையால் தொடவே கூடாது. கையுறை கட்டாயம்." அம்பாசிடர் பானெட்டில் பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கைக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருஷமாகத் தகடு தட்டிச் சரிசெய்யும் டிங்கரிங் வேலை பார்க்கிறேன். கை பட்டதால் துரு என்று ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை. இனிமேல் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி உறை மாட்டிக்கொண்டு சுத்தியல் பிடிக்க வேண்டுமா?

மார்க்4காரன்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். வியர்வையில் உப்பு, தோலில் எண்ணெய். இரண்டுமே பிரைமருக்கு ஆகாது. என் வண்டியின் டிக்கி மூடியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் 80 நம்பர் உப்புத்தாள் போட்டு பெயின்ட்டை உரித்து வெள்ளையாக்கினேன். வீடு திருவான்மியூர், கடல் காற்று. சனிக்கிழமை காலை பார்த்தால் ஓரத்தில் ஐந்து விரலும் பழுப்பாகப் பதிந்திருந்தது. ரேகை பார்த்து ஜோசியமே சொல்லலாம்.

பட்டறைப்பாண்டி:
திருவான்மியூரில் ராத்திரி முழுக்க வெறும் தகடாகப் போட்டால் கை படாமலே துரு ஏறும். உரித்த அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்திருக்க வேண்டும். தூங்கப் போனது நீங்கள், பழி விரலுக்கா?

மார்க்4காரன்:
மீதித் தகடு பளபளவென்றுதான் இருந்தது. விரல் பட்ட இடத்தில் மட்டும் துரு. இதை எத்தனை தடவை சொல்வது?

துருவேட்டை:
கையை விடுங்கப்பா. பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கியை ஒரு தடவை பூசினால் எல்லாம் போய்விடும்.

பத்மினிப்பிரியன்:
கூடவே பெயின்ட்டும் போய்விடும். ஆசிட்டைச் சரியாகக் கழுவிக் காயவைக்காமல் மேலே எபாக்சி அடித்தால் ஒட்டாது, உரிந்து வரும். தகட்டைக் கடித்துப் பிடிக்கும் வாஷ் பிரைமரிலும் அதே ஆசிட்தான், அதன்மேல் நேராகப் பள்ளம் நிரப்பும் பட்டி போடக்கூடாது. போன மாதம் இதைச் சொன்னபோது "புத்தகப் புழு" என்று கிண்டல் செய்தவர் இதே துருவேட்டைதான். மறக்கவில்லை.

துருவேட்டை:
நானும் மறக்கவில்லை. இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரை மண்ணெண்ணெயில் கரைத்து அடித்தது யார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பத்மினிப்பிரியன்:
அது வாசல் கேட்டுக்கு அடித்தது ஐயா, காருக்கு இல்லை!

புதுசு_செந்தில்:
ஒரு சந்தேகம். என் வண்டியில் உரித்த இடத்தில் பாதி வெள்ளைத் தகடு, பாதியில் பழைய பிரைமர் சாம்பல் நிறத்தில் அப்படியே இருக்கிறது. நீங்கள் சொல்லும் வெறும் தகடு எது?

பட்டறைப்பாண்டி:
செந்தில், கொஞ்சம் பொறுங்கள். மார்க்4காரரே, உங்கள் குறிப்பில் "1977 மாடல் மார்க் 4" என்று போட்டிருக்கிறீர்கள். அம்பாசிடரில் மார்க் 4 வந்ததே 1979ல். சொந்த வண்டி என்னவென்றே தெரியாதவர் எனக்குத் தகடு பாடம் எடுக்கிறார்.

மார்க்4காரன்:
ஆர்சி புத்தகத்தில் 77தான். முன்னால் வைத்திருந்தவர் வண்டியின் மூஞ்சியை மார்க் 4 மாதிரி மாற்றியிருக்கிறார். அதற்கும் விரல் துருவுக்கும் என்ன சம்பந்தம்?

பட்டறைப்பாண்டி:
அப்படியானால் அது மார்க் 3. பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

கோவைக்காரன்:
இதில் சண்டைக்கே இடமில்லையே. கையால் தடவிப் பாருங்கள். பிரைமர் அடிக்கும் முன் எண்ணெய் நீக்கும் டிகிரீசர் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் தகட்டிலேயே தங்கிவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள்.

பட்டறைப்பாண்டி:
பார்த்தீர்களா, "தடவிப் பாருங்கள்" என்கிறார். அப்போ தொடலாம்!

மார்க்4காரன்:
துடைக்கச் சொல்கிறார் என்றால் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்போ தொடக்கூடாது!

கோவைக்காரன்:
இன்னொன்று. உள்ளங்கைக்குக் கீழே மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தடவினால் பள்ளம் இன்னும் நன்றாகத் தெரியும். கை வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் ஊரில் பெரிய மேஸ்திரிகள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

மார்க்4காரன்:
பாண்டி அண்ணன் இதற்கு என்ன சொல்கிறார்?

பட்டறைப்பாண்டி:
துணி வேறு, கையுறை வேறு. நான் பேசியது கையுறையைப் பற்றி. துணி வேண்டாம் என்று எங்கே எழுதியிருக்கிறேன், காட்டுங்கள்.

மார்க்4காரன்:
பருத்திக் கையுறையும் துணிதான் அண்ணே.

பட்டறைப்பாண்டி:
தம்பி, நான் தகடு தட்ட ஆரம்பித்தபோது உங்கள் வண்டி மார்க் 3ஆகவே இருந்தது. இருபத்தாறு வருஷம். ஒரு வண்டி திரும்பி வரவில்லை.

துருவேட்டை:
வண்டி திரும்பி வரவில்லை என்றால் ஆள் வேறு பட்டறைக்குப் போயிருப்பார்.

பட்டறைப்பாண்டி:
உங்கள் ஆசிட் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். யார் வேண்டுமானாலும் என் பட்டறைக்கு வரலாம், வெறுங்கையோடு.

புதுசு_செந்தில்:
அண்ணே, அந்தச் சாம்பல் பிரைமரை உரிக்கணுமா, விடலாமா? வெளியே மேகம் கட்டுகிறது.

மார்க்4காரன்:
செந்தில், என்ன செய்தாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.