மைக்ரோமவுஸ்: மெதுவாகத் தேடினால் ஸ்கோர் போய்விடுமா?

ஈசிஇ_மூன்றாமாண்டு:
சீனியர்களுக்கு வணக்கம். நாங்கள் மூன்று பேர் முதல் தடவையாக மைக்ரோமவுஸ் போட்டிக்கு எலி, அதாவது மேஸில் தானே வழி தேடி நடுவுக்கு ஓடும் சின்ன ரோபோ, செய்கிறோம். வழக்கமான 16 x 16 கட்ட மேஸ் (சுவர் வைத்த புதிர்வழி), 10 நிமிடம். எலி முதலில் வழியைத் தேடிவிட்டு, பிறகு ஆரம்பக் கட்டத்திலிருந்து நடுவுக்கு வேகமாக ஓட வேண்டும். விதித்தாளில் ஸ்கோர் இப்படி இருக்கிறது: ஓட்ட நேரத்தோடு, அந்த ஓட்டம் தொடங்கும்வரை ஆன நேரத்தில் 30-ல் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். அதுவரை கை படாத எலிக்கு 10 வினாடி கழிவு. குறைந்த ஸ்கோர் ஜெயிக்கும்.

எங்கள் எலி வினாடிக்கு இரண்டு கட்டம்தான் போகிறது. வேகத்தைக் கூட்டினால் திருப்பத்தில் இடிக்கிறது. மெதுவாகவே தேட விடலாமா? இன்னொன்று, இடது சுவரை ஒட்டியே போனால் நடுவுக்குப் போய்விடாதா? ஒரு வாரமாக இதே சண்டை.

சாலிடர்புகை:
தம்பி, மெதுவாகவே தேட விடுங்கள். 30 வினாடி தேடினால் ஸ்கோரில் ஏறுவது ஒரே வினாடி. கை பட்டால் போவது 10. ஒரு தடவை தொடுவது ஐந்து நிமிடம் தேடுவதற்குச் சமம்! உங்கள் வேகத்தில் 256 கட்டத்தையும் ஒருமுறை மிதித்தாலே 128 வினாடிதான், ஸ்கோரில் நாலு சொச்சம்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாம் வருடம் என் எலி 150 வினாடியில் நடுவைத் தொட்டது. சந்தோஷத்தில் கையால் தூக்கி வந்து ஆரம்பக் கட்டத்தில் வைத்துவிட்டேன். அடுத்த ஓட்டம் 14 வினாடி. 14 + 5 = 19. இன்னொரு அணியின் எலி ஊர்ந்து ஊர்ந்து 240 வினாடி தேடி, தானே திரும்பி வந்து, 16 வினாடியில் ஓடியது. 16 + 8 - 10 = 14. வேகமான எலி என்னுடையது, ஜெயித்தது அவர்கள். அந்த விதியை நான் படித்திருந்தேன், கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இன்றுவரை ஆறவில்லை.

அதனால் நடுவிலிருந்து தானே திரும்பி, வந்ததும் தானே அடுத்த ஓட்டத்தைத் தொடங்கும்படி எழுதுங்கள். இடையில் பட்டன் அழுத்தினாலும் தொட்ட கணக்குதான்.

இடது சுவர் யோசனை வேண்டாம். 1979-ல் நியூயார்க்கில் நடந்த முதல் போட்டியில் வெளியேறும் வழி மேஸின் ஓரத்தில் இருந்தது. சுவரை ஒட்டி ஓடிய, எதையும் கற்றுக்கொள்ளாத எலிதான் அங்கே வேகமாக முடித்தது. அடுத்த வருடம் லண்டனில் இலக்கை நடுவுக்கு மாற்றினார்கள். இப்போது நடுவைச் சுற்றிய சுவர்கள் வெளிச்சுவரோடு சேராமல் தீவு மாதிரி நிற்கும். சுவரை ஒட்டிப் போகிற எலி சுற்றிச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வரும்.

ஈசிஇ_மூன்றாமாண்டு:
அண்ணா, ரொம்ப நன்றி. சரி, தேடியது போதும் என்று எலிக்கு எப்படித் தெரியும்?

நடுக்கட்டம்:
ஃபிளட் ஃபில்லை (நடுவிலிருந்து ஒவ்வொரு கட்டமும் எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்று எண் போடும் முறை) இரண்டு தடவை ஓட்டுங்கள். பார்க்காத இடத்தில் சுவரே இல்லை என்று வைத்து ஒரு தடவை, எல்லாம் சுவர் என்று வைத்து இன்னொரு தடவை. ஆரம்பக் கட்டத்துக்கு இரண்டிலும் ஒரே எண் வந்தால் அதைவிடக் குறுகிய பாதை கிடையாது. அங்கேயே தேடலை நிறுத்தலாம். எண் வேறாக இருந்தால், முதல் கணக்கு காட்டும் பாதையில் இன்னும் பார்க்காத கட்டங்களுக்கு மட்டும் போனால் போதும்.

சாலிடர்புகை:
இடிப்பதற்கும் ஒன்று சொல்கிறேன். கட்டம் 18 செ.மீ., சுவர் 1.2 செ.மீ. என்றால் வழி 16.8 செ.மீ.தான். 25 செ.மீ. வரை எலிக்கு அனுமதி உண்டே என்று பெரிதாகச் செய்யாதீர்கள், திரும்ப இடம் இருக்காது. முட்டுச்சந்தில் திரும்பியதும் பின்னால் போய் முதுகைச் சுவரில் ஒட்டி நேராக்கிக்கொண்டு கிளம்பட்டும். அதுவரை சேர்ந்த என்கோடர் (சக்கரம் சுற்றுவதை எண்ணும் சென்சார்) பிழையும் அதோடு சரியாகும்.

ஈசிஇ_மூன்றாமாண்டு:
எங்கள் எலியின் அகலம் 14 செ.மீ. அண்ணா. இன்றைக்கே சேஸிஸை அறுக்கப் போகிறோம்.