90 நாள் ஆனால் தானாக ஜாமீன் கிடைக்குமா?

தாமிரபரணி: "போலீஸ் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் தானாக ஜாமீன் கிடைத்துவிடும்" என்று நேற்று மண்வாசனை எழுதியதைப் படித்து வயிறு எரிகிறது. தானாக எதுவும் கிடைக்காது ஐயா. கேட்க வேண்டும். இதே பேச்சை நம்பித்தான் நாங்கள் கெட்டோம். என் தம்பி மேல் மோசடி வழக்கு. 90 நாள் மிகக் கடுமையான குற்றங்களுக்கு. இது ஏழு வருடத் தண்டனைப் பிரிவு என்பதால் அவனுக்கு 60 நாள்தான். 60 முடிந்தால் விட்டுவிடுவார்கள் என்று அம்மா அவன் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். 63-ஆம் நாள் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதுவரை எங்கள் பக்கம் மனுவே போடவில்லை. உரிமை போய்விட்டது.

மண்வாசனை: தம்பிக்காக வருந்துகிறேன். ஆனால் உங்கள் வக்கீல் தூங்கியதற்குச் சட்டம் என்ன செய்யும்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 167(2), 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) பிரிவு 187(3). இரண்டிலும் விடுவிக்க 'வேண்டும்' என்றுதான் இருக்கிறது. வேண்டும் என்றால் தானாக என்றுதான் அர்த்தம்.

தாமிரபரணி: பாதி வரியோடு நிறுத்திவிட்டீர்கள். கைதி தன் பக்க ஜாமீன் பிணையைக் கொடுக்கத் தயாராக இருந்து, கொடுத்தால் விட வேண்டும் என்று இருக்கிறது. தயார் என்று யார் சொல்வது? உள்ளே இருப்பவன்தானே? அப்படியானால் தானாக எங்கே வந்தது?

கோர்ட்வாசல்: முதலில் நாட்களை ஒழுங்காக எண்ணுங்கள். கைதான நாளில் இருந்து இல்லை, மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்ட (ரிமாண்ட் செய்த) நாளில் இருந்து. அந்த நாளும் கணக்கில் சேரும். கபில் வாதவான் வழக்கில் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்னது.

மண்வாசனை: ரிமாண்ட் நாள் சேராது. நான் படித்த தீர்ப்புகளில் அதை விட்டுவிட்டுத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

கோர்ட்வாசல்: அவை பழையவை. செக் பவுன்ஸ் விவாதத்திலும் இதே கதைதான். நோட்டீஸ் அனுப்ப 30 நாள் என்று நான் சொல்லச் சொல்ல, பழைய 15 நாளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மண்வாசனை: அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? உங்களுக்கு என் மேல் ஏதோ கோபம்.

வைகைக்கரை: கொரோனா நேரத்தில் காசி என்பவர் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கால் போலீசுக்குக் கெடு நீண்டுவிட்டது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜாமீன் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 19-இல் அதை ரத்து செய்து ஜாமீன் கொடுத்தது. இந்தக் கெடு அவ்வளவு கறாரானது.

மண்வாசனை: பார்த்தீர்களா! தானாக.

தாமிரபரணி: எங்கே தானாக? காசி மனு போட்டார், மறுத்தார்கள், டெல்லி வரை போனார்!

மண்வாசனை: 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில், வாயால் கேட்டாலே போதும், இப்படி ஓர் உரிமை இருப்பதைக் கோர்ட்டே கைதிக்குச் சொல்ல வேண்டும் என்றார்களே. அதற்கு என்ன பதில்?

தாமிரபரணி: வாயால் கேட்பதும் கேட்பதுதான்! என் தம்பியிடம் யாரும் சொல்லவில்லை. வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னார்கள், காவல் நீட்டிப்பு என்றார்கள், அரை நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் சாதாரண ஜாமீன் கிடைத்தபோதும் பாடுதான். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. சித்தப்பாவிடம் வீட்டு வரி ரசீதுக்காக இரண்டு நாள் கெஞ்சினோம். அந்த இரண்டு நாளும் அவன் உள்ளேதான் இருந்தான். கையில் உத்தரவு இருந்தும் கதவு திறக்கவில்லை. நீங்கள் தானாக என்கிறீர்கள்.

மண்வாசனை: அது ஷூரிட்டி பிரச்சினை. வேறு விஷயம்.

தாமிரபரணி: உள்ளே இருப்பவனுக்கு எல்லாம் ஒரே விஷயம்தான்.

பூங்குழலி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அண்ணன் மேல் திருட்டு வழக்கு, 60 நாள் கணக்கு. ரிமாண்ட் நாளைச் சேர்த்தால் நாளை 61-ஆம் நாள். வக்கீல் வைக்க வசதியில்லை.

தாமிரபரணி: தங்கச்சி, உடனே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், வக்கீல் இலவசம். நாளைக் காலை கோர்ட் திறக்கும்போதே மனு உள்ளே போக வேண்டும். குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் போச்சு.

மண்வாசனை: ரிமாண்ட் நாளைச் சேர்க்காதீர்கள் அம்மா. நாளை மறுநாள் போட்டால் போதும்.

தாமிரபரணி: அவர் பேச்சைக் கேட்காதீர்கள் தங்கச்சி. நாளைக்கே போடுங்கள். நாளைக்கே.

மண்வாசனை: வேண்டும் என்றால் வேண்டும்தான். நான் சொன்னதில் மாற்றம் இல்லை.