இந்த முடிவை ஏன் எடுத்தார்கள் என்று எங்கே தேடுவது?

நண்பர்களே, என் கைக்கு வந்திருக்கும் பழைய மென்பொருளில் ஆர்டர் பகுதிக்கும் கட்டணப் பகுதிக்கும் நடுவே, செய்திகளை வாங்கிக் கடத்தும் காஃப்கா என்ற மென்பொருள் நிற்கிறது. ஏன் என்று குழுவில் யாருக்கும் தெரியவில்லை. கூகுளில் தேடினால் ‘காஃப்காவா, ராபிட்எம்கியூவா’ என்ற பட்டிமன்றம்தான் கிடைக்கிறது. படித்து முடித்த செய்தியையும் காஃப்கா குறிப்பிட்ட காலம் வரை வைத்திருக்கும் என்பதெல்லாம் புரிகிறது. ஆனால், எங்களுக்கு அது எதற்குத் தேவைப்பட்டது?

நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றைத் தோண்டினேன். நாற்பது கோப்புகள் மாறிய இடத்தில் ஒரே குறிப்பு: ‘சரிசெய்யப்பட்டது’. எழுதிய புண்ணியவான் வேலையை விட்டுப் போய்விட்டார்.

2011-இல் மென்பொருள் வடிவமைப்பாளர் மைக்கேல் நைகார்ட் முன்வைத்தபடி, முக்கியமான ஒவ்வொரு முடிவுக்கும் சூழல், முடிவு, விளைவு என்று ஒரு பக்கம் எழுதி நிரலோடு வைத்திருந்தால் எனக்கு இந்த அலைச்சல் இருந்திருக்காது.

இந்த நிலையில் நீங்கள் முதலில் எதைப் புரட்டுவீர்கள்? வேலைக் கோரிக்கைகளைப் பதிந்த பழைய டிக்கெட்டுகளையா, நிரல் மறுஆய்வு உரையாடல்களையா? ஏஐ கருவியிடம் கேட்டேன். சரளமாக ஐந்து காரணங்கள் சொன்னது, எதற்கும் ஆதாரம் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.