துருக்கிக்காரரிடம் தாளம் பேசலாமா?

கேள்வி – மிருதங்கக் கை:
ஆறு மாதமாக ஒரு துருக்கிக் குழுவுடன் மென்பொருள் வேலை. வாராவாரம் காணொளிக் கூட்டம். வணக்கம், வேலை, நன்றி, அதோடு சரி. போன வாரம் எல்லோரும் வந்து சேரக் காத்திருந்தபோது அவர்களில் மூத்தவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. கடைசியில் மட்டும் ஓர் இழுப்பு. எனக்குக் கை துறுதுறுத்தது, வாய்தான் வரவில்லை. வேலை இடத்தில் இதைப் பேசுவது முறையா?

பதில் – கடம்:
தாராளமாகப் பேசுங்கள். துருக்கிப் பொறியாளர் ஒருவரோடு இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். எங்களுக்குள் பேச்சு வந்ததே இப்படித்தான்.

அவர்கள் தாளத்தை ‘உசூல்’ என்பார்கள். தாளத்தை வாயால் சொல்லும் நம் சொற்கட்டு மாதிரி அவர்களுக்கும் உண்டு: கனத்த அடி ‘தூம்’, சன்னமான அடி ‘தெக்’. நீங்கள் கேட்டது ‘அக்சாக்’ ஆக இருக்கலாம். 2+2+2+3. அந்தச் சொல்லுக்கே நொண்டுவது என்றுதான் பொருள்.

நான் உடனே “இது எங்கள் சங்கீர்ணம், ஒன்பது எண்ணிக்கை” என்று ‘தகதிமி தகதகிட’ சொல்லிக் காட்டினேன். கணக்கு சரி. ஆனால் ஒன்பதையும் சமமாக ஓடவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து நடந்து காட்டினார்: மூன்று அடி குட்டை, நாலாவது நீளம். ‘தகிட’வில் உடம்பு சாய வேண்டுமாம். பின்னால் நடந்து நடந்து பழகினேன். நாலைந்து தடவை திருத்தினார்.

அதுவரை அவர் வரைபடத்தில் தப்பு இருந்தால் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். மறுநாள் நேராகச் சொன்னேன், அவரும் இயல்பாக எடுத்துக்கொண்டார். அதனால் ‘எங்களிடமும் இருக்கிறது’ என்று ஆரம்பிக்காதீர்கள். சொல்லித் தரச் சொல்லுங்கள்.

பதில் – நிதானம்:
எல்லோர் முன்னாலும் வேண்டாம். கூட்டம் முடிந்த பிறகு அவரிடம் மட்டும் கேளுங்கள். சும்மா தட்டியிருந்தால் சங்கடப்படுவார்.

மிருதங்கக் கை:
இன்று தனியாகக் கேட்டேன். அக்சாக்தான்! சின்ன வயதில் பழகியதாம். அரை வேகத்தில் தட்டிக் காட்டினார். நாலாவது அடியில் நான் முந்திக்கொண்டே இருந்தேன், அவரும் விடாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். அடுத்த வாரம் மிருதங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.