பவுண்டரியை எண்ணிக் கொடுத்த கோப்பை: நியாயமா, இல்லையா?

கடைசிப்பந்து
15 ஜூலை 2019, திங்கள்

நேற்று நடந்ததிலிருந்து இன்னும் மீள முடியவில்லை. லார்ட்ஸில் உலகக்கோப்பை இறுதி, விம்பிள்டனில் ஃபெடரர் ஜோகோவிச் இறுதி, சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா ஒன். மூன்றும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. டிவியில் கிரிக்கெட், லேப்டாப்பில் டென்னிஸ், போனில் பந்தய நிலவரம் என்று உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் மற்ற இரண்டையும் மறந்துவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூசிலாந்து 50 ஓவரில் 8 விக்கெட்டுக்கு 241. இங்கிலாந்தும் 241, கடைசிப் பந்தில் ஆல் அவுட். சமமானதால் ஆளுக்கு ஒரு ஓவர் கூடுதலாக ஆடும் சூப்பர் ஓவர் வந்தது, அதிலும் இங்கிலாந்து 15, நியூசிலாந்தும் 15. அதற்கப்புறம் இரண்டு அணிகளும் அடித்த பவுண்டரிகளை எண்ணினார்கள். 26க்கு 17. கோப்பை இங்கிலாந்துக்கு.

நான் இங்கிலாந்துக்கு எதிரி இல்லை. ஸ்டோக்ஸ் ஆடிய 84 நாட் அவுட் மாதிரி ஒரு இன்னிங்ஸை இறுதிப்போட்டியில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் 102 ஓவர் ஆடியும் ஒரு ரன் கூட வித்தியாசம் வராத இரண்டு அணிகளை, யார் அதிகம் எல்லைக்கு அடித்தார்கள் என்று எண்ணிப் பிரித்தது தவறு. ஓடி எடுத்த நான்கு ரன்னும் அடித்து எடுத்த நான்கு ரன்னும் ஒன்று என்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கு. நேற்று அந்தக் கணக்கையே மாற்றிவிட்டார்கள். பந்து மட்டைக்கு வராத ஆடுகளத்தில், தட்டித் தட்டி ஓடிய அணிக்குத் தண்டனை.

புல்தரை
15 ஜூலை 2019

உங்கள் வருத்தம் புரிகிறது, கருத்தை ஏற்க முடியவில்லை. நான் நேற்று லார்ட்ஸ் பக்கம் அதிகம் போகவில்லை. விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் இருந்தேன், அதாவது மனதளவில்.

ஃபெடரர் 218 புள்ளிகள் எடுத்தார், ஜோகோவிச் 204. ஏஸ் (எதிராளி தொட முடியாத சர்வ்) 25க்கு 10. வின்னர் (எதிராளிக்கு எட்டாமல் புள்ளி தரும் அடி) 94க்கு 54. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஃபெடரர்தான் நன்றாக ஆடினார். முடிவு? 7-6, 1-6, 7-6, 4-6, 13-12. நான்கு மணி 57 நிமிடம் ஆடிவிட்டு 37 வயது மனிதர் தோற்றுப் போனார். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, சர்வ் அவர் கையில். கோப்பைக்கு ஒரே ஒரு புள்ளி, அதற்கு இரண்டு வாய்ப்பு. முதலாவதில் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. இரண்டாவதில் வலைக்கு ஓடினார், ஜோகோவிச் குறுக்கே அடித்துத் தாண்டிவிட்டார்.

எனக்கு எப்படி வலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அநியாயம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஐந்தாவது செட் 12-12 ஆனால் டை-பிரேக் (புள்ளிகளை எண்ணி செட்டை முடிக்கும் ஆட்டம்) என்பது விம்பிள்டனில் இந்த வருடம்தான் வந்த புது விதி. போன வருடம் வரை இப்படி இல்லை, அரையிறுதியில் ஆண்டர்சனும் இஸ்னரும் 26-24 வரை போனார்கள். பழைய விதி இருந்திருந்தால் நேற்று என்ன ஆகியிருக்குமோ. ஆனாலும் விதி முன்பே தெரியும், தெரிந்துதான் இரண்டு பேரும் களத்துக்குள் வந்தார்கள். பவுண்டரி விதியும் அப்படித்தான். தொடர் தொடங்கும் முன்பே எழுதி வைத்தது. தோற்றபிறகு விதியைக் குறை சொல்வது சரியில்லை.

மூன்றுசிங்கம்
15 ஜூலை 2019

புல்தரை சொல்வதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். சூப்பர் ஓவர் சமமானால் கோப்பை இங்கிலாந்துக்கு என்பது அந்த ஓவருக்கு முன்பே இரண்டு அணிக்கும் தெரியும். நியூசிலாந்துக்கு இலக்கு 16 என்றுதான் சொன்னார்கள். அவர்கள் 16க்குத்தான் ஆடினார்கள். நீஷம் ஆர்ச்சரை சிக்ஸர் அடித்தார், கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவைப்பட்டது, கப்தில் இரண்டாவதுக்கு ஓடினார், ராய் எறிந்த பந்தை வாங்கி பட்லர் ஸ்டம்பைத் தட்டினார். இலக்கு தெரிந்து ஆடி ஒரு ரன்னில் தவறவிட்டார்கள். கிரிக்கெட்டில் அதற்குப் பெயர் தோல்வி.

அப்புறம், 2015 உலகக்கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறிய அணி இது. நான்கு வருடம் ஆட்ட முறையையே தலைகீழாக மாற்றி வந்திருக்கிறார்கள். 86க்கு 4 விக்கெட் போனபிறகு ஸ்டோக்ஸும் பட்லரும் சேர்த்த 110 ரன்னை யாரும் இனாமாகக் கொடுக்கவில்லை.

விதிப்புத்தகம்
15 ஜூலை 2019

பவுண்டரி எண்ணிக்கை வரை போயிருக்கவே வேண்டியதில்லை. எல்லோரும் அதையே பேசுகிறீர்கள், கடைசி ஓவரின் நாலாவது பந்தை விட்டுவிட்டீர்கள்.

இங்கிலாந்துக்கு 3 பந்தில் 9 ரன் தேவை. ஸ்டோக்ஸ் அடித்துவிட்டு இரண்டாவது ரன்னுக்குப் பாய்ந்தார். கப்தில் எறிந்த பந்து அவர் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடியது. நடுவர்கள் ஆறு ரன் கொடுத்தார்கள். விதி 19.8 என்ன சொல்கிறது? எறி எல்லையைத் தாண்டினால், ஓடி முடித்த ரன்களோடு, ஃபீல்டர் எறிந்த கணத்தில் ஓடிக்கொண்டிருந்த ரன்னையும் சேர்க்கலாம். ஆனால் மட்டையாளர்கள் அதற்குள் ஒருவரையொருவர் கடந்திருக்க வேண்டும். கப்தில் எறிந்தபோது ஸ்டோக்ஸும் ரஷீத்தும் இரண்டாவது ரன்னில் இன்னும் கடக்கவில்லை. ஆக ஐந்துதான். அதைவிட முக்கியம், அடுத்த பந்துக்கு ரஷீத் மட்டை பிடித்திருக்க வேண்டும், ஸ்டோக்ஸ் இல்லை. முன்னாள் நடுவர் சைமன் டாஃபலும் ஐந்துதான் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்.

ஸ்டோக்ஸ் மேல் ஒரு குறையும் இல்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, உடனே கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார். குறை நடுவர்கள் மேல்தான்.

மூன்றுசிங்கம்
15 ஜூலை 2019

ஐந்து என்றே வைப்போம். 2 பந்தில் 4 ரன், ரஷீத் ஆட வேண்டும். ஜெயித்திருக்க முடியாது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா? ஒரு பந்தை மாற்றினால் அடுத்த பந்து வேறு பந்து. அந்த ஓவரை வீசிய போல்ட் வேறு மாதிரி வீசியிருப்பார், ஃபீல்டர்கள் வேறு இடத்தில் நின்றிருப்பார்கள். 49வது ஓவரில் போல்ட் ஸ்டோக்ஸ் அடித்ததைப் பிடித்துவிட்டு எல்லைக்கோட்டில் கால் வைத்தாரே, அதையும் இப்படித் திரும்ப எழுதலாமா?

விதிப்புத்தகம்
15 ஜூலை 2019

எழுத முடியாது. போல்ட் கால் வைத்தது ஆட்டக்காரரின் பிழை, அது ஆட்டத்துக்குள் அடங்கும். நடுவர் விதியைத் தவறாகப் போட்டது அப்படி இல்லை. நியூசிலாந்தின் டெய்லருக்குக் கொடுத்த எல்பிடபிள்யூவைப் பாருங்கள். பந்து ஸ்டம்பைத் தொடாது என்று பிறகு படத்தில் தெரிந்தது, ஆனால் நடுவர் முடிவை மறுபடி பார்க்கக் கேட்பதற்கு ரிவ்யூ மிச்சமில்லை. கப்தில் தன் விக்கெட்டுக்காக முன்பே கேட்டு வீணாக்கியிருந்தார். அதைக்கூட நான் ஏற்றுக்கொள்கிறேன், கண்ணால் கணித்துச் சொன்ன முடிவு அது. ஐந்தா ஆறா என்பது அப்படியில்லை. விதியைத் தெரிந்து சொல்ல வேண்டியது.

பிட்லேன்
15 ஜூலை 2019

சில்வர்ஸ்டோனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் வருகிறேன். உங்கள் விவாதத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

பந்தயத்தில் முன்னால் போனவர் போட்டாஸ். டயர் மாற்ற உள்ளே வந்துவிட்டுப் போனார். அப்புறம் ஜியோவினாஸி சுழன்று மாட்டிக்கொள்ள, எல்லோரையும் மெதுவாகப் போக வைக்கும் சேஃப்டி கார் வந்தது. அதுவரை உள்ளே வராத ஹாமில்டன் அந்த நேரம் பார்த்து வந்து டயர் மாற்றினார். எல்லோரும் மெதுவாகப் போகிறபோது மாற்றினால் நேர இழப்பு மிகக் குறைவு. வெளியே வந்தபோது முதலிடம் அவருடையது. பிரிட்டனில் ஆறாவது வெற்றி, அங்கே வேறு யாரும் இத்தனை முறை ஜெயித்ததில்லை. போட்டாஸ் என்ன தவறு செய்தார்? ஒன்றும் இல்லை. யாராவது கோப்பையைத் திருப்பிக் கொடு என்கிறார்களா? அதிர்ஷ்டம் எல்லா ஆட்டத்திலும் உண்டு. கிரிக்கெட் ரசிகர்கள் மட்டும் ஏன் இவ்வளவு கொதிக்கிறீர்கள் என்று உண்மையாகவே புரியவில்லை.

லெக்லெர்க்கும் வெர்ஸ்டாப்பனும் முட்டி மோதியதைத் தவறவிட்டவர்கள் இன்றைக்காவது தேடிப் பாருங்கள். இந்த சீசனில் அதைவிட நல்ல சண்டையை நான் பார்க்கவில்லை.

கடைசிப்பந்து
15 ஜூலை 2019

பிட்லேன், சேஃப்டி கார் வந்த பிறகும் பந்தயம் தொடர்ந்தது. போட்டாஸுக்கு ஹாமில்டனைப் பிடிக்க இன்னும் சுற்றுகள் இருந்தன. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வரும் அதிர்ஷ்டம் வேறு, ஆட்டம் முடிந்தபிறகு வரும் எண்ணிக்கை வேறு. நேற்று இரண்டு கார்களும் ஒரே நொடியில் கோட்டைக் கடந்திருந்தால், யார் அதிக முறை பிறரை முந்தினார்கள் என்று எண்ணிப் பரிசு கொடுத்தால் ஒத்துக்கொள்வீர்களா?

புல்தரை, உங்களிடம் ஒரு கேள்வி. ஜோகோவிச் குறைந்த புள்ளி எடுத்தும் ஜெயித்தார் என்கிறீர்கள். சரிதான், ஆனால் டென்னிஸில் எந்தப் புள்ளிக்கு எவ்வளவு எடை என்பது ஆடும்போதே தெரியும். இரண்டாவது செட் கை நழுவுகிறது என்றால் 1-6 என்று விட்டுவிட்டு மூன்றாவதுக்குத் தெம்பைச் சேர்த்து வைக்கலாம். மூன்று டை-பிரேக்கையும் அவர்தான் எடுத்தார், 7-5, 7-4, 7-3. முக்கியமான புள்ளியில் நன்றாக ஆடுவதுதான் அந்த ஆட்டம். 23வது ஓவரில் ஒரு ரன்னுக்குத் தட்டிவிட்ட நியூசிலாந்தின் நிக்கோல்ஸுக்கு, அதை எல்லைக்கு அடிக்காததால் கோப்பை போகும் என்று எப்படித் தெரியும்?

இன்னொன்று. டை-பிரேக்கில் 6-6 ஆனால் என்ன செய்கிறார்கள்? இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை ஆடுகிறார்கள். அங்கே நிறுத்திவிட்டு ஏஸை எண்ணியிருந்தால் 25க்கு 10, ஃபெடரருக்கு ஒன்பதாவது விம்பிள்டன். அவர் ரசிகர் நீங்கள். அப்படி வந்த கோப்பையை ஏற்பீர்களா?

புல்தரை
16 ஜூலை 2019

நேற்றே பதில் எழுத உட்கார்ந்தேன், யோசிக்க வேண்டியிருந்தது.

ஏற்க மாட்டேன். ஃபெடரரும் ஏற்க மாட்டார் என்று நம்புகிறேன்.

ஆனால் நான் சொன்னதையும் விட்டுக்கொடுக்கவில்லை. விதி மோசமானது என்பது ஒன்று, இங்கிலாந்தின் வெற்றி செல்லாது என்பது வேறு. முதலாவதை நீங்கள் நிரூபித்துவிட்டீர்கள். இரண்டாவதை இல்லை. 1999 அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213, 213 என்று சமமானபோது, முந்தைய சுற்றின் நிலையைப் பார்த்து ஆஸ்திரேலியாவை இறுதிக்கு அனுப்பினார்கள். அதுவும் ஆட்டத்துக்கு வெளியே இருந்த கணக்குதான். அதற்காக ஆஸ்திரேலியா அந்த வருடம் வாங்கிய கோப்பையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

நடுகல்
16 ஜூலை 2019

இரண்டு அணிக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கலாமே? 2002 சாம்பியன்ஸ் டிராபி இறுதி மழையில் போனபோது இந்தியாவும் இலங்கையும் பகிர்ந்துகொண்டன.

கப்தில்லை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. போன புதன்கிழமை அரையிறுதியில் தோனியை நேராக எறிந்து ரன் அவுட் ஆக்கியவர் அவர். அன்று 18 ரன்னில் தோற்று அவர் மேல் எவ்வளவு கோபப்பட்டேன்! நான்கே நாளில் ஸ்டோக்ஸ் மட்டையில் பட்ட எறியும் அவருடையது, கடைசிப் பந்தில் ரன் அவுட் ஆனவரும் அவர். அவர் மண்டியிட்டு உட்கார்ந்ததைப் பார்த்தபோது புதன்கிழமைக் கோபம் முழுக்கப் போய்விட்டது.

கடைசிப்பந்து
16 ஜூலை 2019

பகிர்வதில் எனக்கு உடன்பாடில்லை. மழையில் ஆட முடியாமல் போனது வேறு. இங்கே வெளிச்சம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். இன்னொரு சூப்பர் ஓவர் போட என்ன தடை? பிரியும்வரை ஆட விடுங்கள் என்பது மட்டும்தான் என் கோரிக்கை.

மூன்றுசிங்கம்
16 ஜூலை 2019

வருங்காலத்துக்கு விதியை மாற்றுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கோப்பையை மட்டும் விட்டுவிடுங்கள். 1975 முதல் காத்திருந்த கோப்பை அது.

கடைசிப்பந்து
15 அக்டோபர் 2019, செவ்வாய்

பழைய விவாதத்தை மேலே கொண்டுவருகிறேன், காரணம் இருக்கிறது. பவுண்டரி எண்ணிக்கையை ஐசிசி நீக்கிவிட்டது, நேற்று அறிவித்தார்கள். இனி அரையிறுதியிலும் இறுதியிலும் சூப்பர் ஓவர் சமமானால் மறுபடி சூப்பர் ஓவர், ஒரு அணி அதிக ரன் எடுக்கும்வரை. ஜூலையிலேயே, அந்த இறுதியின் நடுவர் தர்மசேன, அந்த ஆறு ரன் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார்.

மூன்றுசிங்கம்
15 அக்டோபர் 2019

நல்ல முடிவு. அன்று இந்த விதி இருந்திருந்தாலும் ஆர்ச்சர் இன்னொரு ஓவர் வீசி முடித்திருப்பார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

விதிப்புத்தகம்
15 அக்டோபர் 2019

19.8ஐயும் தெளிவாக எழுதினால் இன்னும் நல்லது. ஃபீல்டர் எறிந்த கணம் எது என்று நடுவர் டிவியில் பார்த்துக்கொள்ள வழி வேண்டும்.

புல்தரை
15 அக்டோபர் 2019

நண்பரே, நீங்கள் கேட்டது நடந்திருக்கிறது, மகிழ்ச்சி. உங்கள் ஏஸ் கேள்வி இந்த மூன்று மாதமும் என்னோடுதான் இருந்தது. அந்த சூப்பர் ஓவரைத் திரும்பப் பார்த்தீர்களா?

கடைசிப்பந்து
15 அக்டோபர் 2019

நேற்று அறிவிப்பு வந்ததும் போட்டுப் பார்த்தேன். கப்தில் இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்திவிட்டேன். நீங்கள்?

புல்தரை
15 அக்டோபர் 2019

நான்காவது செட் வரை பார்த்திருக்கிறேன், இரண்டு முறை. 8-7, 40-15 பக்கம் இன்னும் போகவில்லை.