புதுப்பிப்பு: .30-06 ஆக்லி இம்ப்ரூவ்டுக்கு கேஸ் ஃபார்ம் பண்ணியாச்சு

ஆக்லி ரைஃபிளுக்கு (சாதா .30-06 தோட்டாவோட வடிவத்தை மாத்தி உருவாக்கின .30-06 ஆக்லி இம்ப்ரூவ்டு தோட்டாவுக்கானது) ரெடிமேட் கேஸ், அதாவது தோட்டாவோட பித்தளைக் கூடு, தேடி அலையணுமா, சாதா .30-06 கேஸையே மாத்திக்கலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட் இது. தாராளமா மாத்திக்கலாம்.

சாதா .30-06 தோட்டாவை ஆக்லி சேம்பர்ல (ரைஃபிளுக்குள்ள தோட்டா உக்கார்ற இடம்) போட்டு சுட்டா பிரஷர்ல பித்தளை விரிஞ்சு சேம்பர் சுவரோட ஒட்டிக்குது, 17.5 டிகிரி ஷோல்டரா (கேஸ் கழுத்தை நோக்கி குறுகற தோள் பகுதி) உள்ள போனது 40 டிகிரியா வெளிய வருது, பக்கவாட்டு சரிவும் குறைஞ்சிடுது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த வடிவத்தை உருவாக்கின பார்க்கர் ஆக்லிங்கற கன்ஸ்மித் (துப்பாக்கி செய்யறவர்) ஹெட்ஸ்பேஸை, அதாவது சேம்பரைப் பின்னாடி மூடற போல்ட்டுக்கும் கேஸ் முட்டி நிக்கற இடத்துக்கும் நடுவுல உள்ள தூரத்தை, யோசிச்ச விதம்தான். சேம்பரை சாதா .30-06ஐ விட 0.004 இன்ச் குட்டையா வெட்டணும், அப்பதான் போல்ட் மூடும்போது நெக்கும் (கழுத்துப் பகுதி) ஷோல்டரும் சேர்ற இடம் லேசா நசுங்கி கேஸை இறுக்கிப் பிடிக்கும், அந்தப் பிடி இல்லன்னா அடிப்பக்கம் இழுபட்டு கேஸ் ரெண்டா பிரியற ஆபத்து இருக்கு, அதனால சுடறதுக்கு முன்னாடியே கன்ஸ்மித்கிட்ட குடுத்து ஹெட்ஸ்பேஸை அளக்கற கேஜ் வச்சுப் பாத்துடுங்க ப்ளீஸ்.

புது பித்தளை எல்லாம் அழகா வந்துச்சு. பலதடவை சுட்ட பழசுலதான் நெக் கீறுது, அதை முதல்ல அனீல் பண்ணிடுங்க (சூடு காட்டி பித்தளையை மிருதுவாக்கறது). ஃபார்ம் ஆனதும் கேஸ் நீளம் கொஞ்சம் குறையும், ட்ரிம் பண்றத (நீளத்தை வெட்டி சரிபண்றத) அதுக்கப்புறம் வச்சுக்கோங்க.

இன்னொன்னு, அடியில முத்திரை இன்னமும் .30-06ன்னுதான் இருக்கும், சாதா ரைஃபிள்ல இது நுழையாது, தனி டப்பால பேர் எழுதி வைங்க. பவுடர் அளவுக்கு ஆக்லிக்குன்னே போட்ட மேனுவலை மட்டும் பாருங்க.