பிரவுன் ஏலில் இனிப்பு ஒரு குறையா? உங்கள் மதிப்பெண்ணைச் சொல்லுங்கள்

நுரைமேடு:
நேற்று நாலு பேர் சேர்ந்து, லேபிளை மறைத்து ஆறு இங்கிலாந்து பிரவுன் ஏல் (பழுப்பு நிற பீர் வகை) ருசித்தோம். 50க்கு மதிப்பெண். மூன்றுக்கு நான் 25க்குக் கீழேதான் போட்டேன். முதலில் இனிப்பு, பிறகு கொஞ்சம் பிஸ்கட், அவ்வளவுதான். கசப்பு தரும் ஹாப்ஸ் பூ எங்கே? கசப்பு இல்லாத பீர் என்னைப் பொறுத்தவரை பாதி பீர்.

வடகரை:
நண்பரே, ஹாப்ஸ் தூக்கலான கசப்பு பீரான ஐபிஏவுக்கு உரிய அளவுகோலை இதற்கு வைத்துவிட்டீர்கள். பிரவுன் ஏலில் மால்ட்தான், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லிதான், முன்னால் நிற்கும். பீர் போட்டி நடுவர்களின் அமைப்பான பிஜேசிபியின் வழிகாட்டியில் பிரிட்டிஷ் பிரவுன் ஏலின் கசப்பு 20 முதல் 30 ஐபியு (கசப்பின் அலகு) வரைதான். வறுத்த கடலை வாசம், டாஃபி, ரொட்டியின் கருகல் ஓரம் இவை வருகின்றனவா என்று பாருங்கள். கடலை எதுவும் சேர்ப்பதில்லை, எல்லாம் மால்ட் தருவது.

நுரைமேடு:
வழிகாட்டியில் இருக்கிறது என்பதற்காகச் சலிப்பான பீர் நல்ல பீர் ஆகிவிடாது. ஆறில் ஒன்றான மான்ஸ் பிரவுனில் ஆல்கஹால் 2.8 சதவீதம், சர்பத் மாதிரி இருந்தது. அதற்கும் இன்னொன்றான நியூகாசில் பிரவுனுக்கும் ஒரே மதிப்பெண்ணா?

வடகரை:
இரண்டையும் ஒரே வரிசையில் வைத்ததுதான் தவறு. மான்ஸ் 1902இல் லண்டனில் வந்தது, தெற்கத்திய இனிப்பு வகை. ஒரு காலத்தில் அங்கே பப்பில் பிரவுன் ஏலை மைல்டோடு (கசப்பு குறைந்த, லேசான ஏல்) பாதிக்குப் பாதி கலந்து குடித்தார்கள். நியூகாசில் 1927இல் வந்தது. 4.7 சதவீதம், வடக்கத்திய வகை, இனிப்பு குறைவு. இனிப்பு இருக்கிறதா என்பதல்ல கேள்வி. விழுங்கிய பின் அது நாக்கில் பாகாக ஒட்டினால் குறை. வாய் உலர்ந்து அடுத்த மடக்கைக் கேட்டால் அந்த இனிப்பு சரியாக அமைந்திருக்கிறது.

மண்குடம்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எந்தச் சூட்டில் குடித்தீர்கள்?

நுரைமேடு:
ஃபிரிட்ஜிலிருந்து நேராக. பீர் வேறு எப்படி?

மண்குடம்:
அங்கேதான் போயிற்று. 4 டிகிரியில் மால்ட் வாசம் எழவே எழாது. வெறும் இனிப்பும் வாயுவும்தான் மிஞ்சும். 10 முதல் 13 டிகிரிக்கு வரட்டும். 50 மதிப்பெண்ணில் வாசத்துக்கே 12, சுவைக்கு 20. குளிர வைத்துக் குடித்தால் இந்த 32ஐயும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் போட முடியும்.

நுரைமேடு (மறுநாள்):
மீதி இருந்த ஒன்றை அரை மணி நேரம் வெளியே வைத்துத் திறந்தேன். டாஃபி வந்தது, கடலையும் வந்தது. 23 போட்டதற்கு இப்போது 31. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்று சூடேறியதும் இன்னும் மோசம். காட்டமான கந்தக நெடி.

வடகரை:
நிறமில்லாத கண்ணாடி பாட்டிலா?

நுரைமேடு:
ஆமாம். கடை ஜன்னலோரம் அடுக்கியிருந்தார்கள்.

வடகரை:
வெளிச்சம் பட்ட பீர். ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து அந்தக் கந்தக வாடை பிறக்கும். பழுப்பு பாட்டில் பெரும்பாலும் காப்பாற்றும், நிறமில்லாதது காப்பாற்றாது. அது உண்மையான குறை. தயங்காமல் மதிப்பெண்ணை வெட்டுங்கள்.

மண்குடம்:
அதை நான் ஏற்கவில்லை. கடைக்காரர் கெடுத்ததற்கு பீர் காய்ச்சியவரைத் தண்டிப்பதா? வேறு பாட்டில் வாங்கித்தான் மதிப்பிட வேண்டும்.

வடகரை:
நிறமில்லாத பாட்டிலைத் தேர்ந்தெடுத்தவர் காய்ச்சியவர்தானே? கோப்பையில் இருப்பதற்குத்தான் மதிப்பெண்.

நுரைமேடு:
இதில் நான் வடகரை பக்கம். ஆனால் அந்த சர்பத்துக்கு 22தான், மாற்ற மாட்டேன். 12 டிகிரியிலும் நாக்கில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.